டெயில் லைட்டுக்குள் தேங்கிய மழைநீர்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்ற அந்த நாள்களில், பதினொரு வயதான எங்கள் ஹேட்ச்பேக்கும் அங்கேதான் நின்றது. வெள்ளத்திலிருந்து வண்டி தப்பிவிட்டது. மழை விட்ட பிறகு அதை வீட்டுக்கு ஓட்டி வருகையில், சிக்னலில் பின்னால் நின்ற பைக்காரர் முன்னே வந்து கண்ணாடியைத் தட்டி, "சார், உங்க டெயில் லைட்ல மீன் வளக்கலாம் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தேன். வலப்பக்கப் பின்விளக்கின் அடிப்பகுதியில், இண்டிகேட்டர் இருக்கும் அறைக்குள், இரண்டு விரற்கடை உயரத்திற்குத் தண்ணீர் நின்றது. வாசல் சரிவாக இருந்ததால் நீரின் விளிம்புக்கோடு கொத்தனாரின் ரசமட்டத்தைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. மேலே, சிவப்பு முகப்பின் உட்புறமெங்கும் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தபோது, பிரேக் விளக்கு மங்கலாக எரிந்ததோடு, போடாத இண்டிகேட்டரும் அதனுடன் சேர்ந்து மெல்லியதாக எரிந்தது. இதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று அப்போது நினைத்தேன். இரண்டு மாதங்களும், நானே செய்துகொண்ட ஒரு பெரிய தவறும், பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கு இரண்டு நடையும் ஆயின.

விளக்கைக் கழற்றுவது எளிது. டிக்கிக் கதவைத் திறந்தால் விளக்கின் உட்புற ஓரத்தில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்கள் தெரியும். வெளிப்புற ஓரத்தில் ஸ்க்ரூ எதுவும் கிடையாது. விளக்கின் முதுகிலிருந்து நீளும் இரண்டு முளைகள், உடலில் பொருத்திய பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் அழுத்தி உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் பலர் ஸ்க்ரூ டிரைவரைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்புவார்கள். அதில் முளை முறியும், பெயிண்ட்டும் போகும். இரண்டு கைகளாலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் நீளவாக்கில் நேராகப் பின்னோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால் 'டக்' என்ற ஓசையுடன் வந்துவிடும். பிறகு கப்ளரின் பூட்டை அழுத்தி ஒயரைப் பிரித்து, பல்பு ஹோல்டர்களைக் கால் சுற்று திருப்பி உருவ வேண்டியதுதான்.

உள்ளே நின்ற நீரை மருந்துக் கடையில் வாங்கிய 20 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். மூன்று முறை நிறைத்து, நான்காவது முறை பாதி வந்தது. ஆக 70 மி.லி. இந்த அளவை அளந்து வைத்ததுதான் பிற்பாடு உதவியது. அன்றைக்கு அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கை மூன்று நாள் மாடியில் காய வைத்தேன். ஹார்டுவேர் கடையில் குளியலறைக்குப் பூசும் ஒரு சிலிக்கான் டியூபை வாங்கினேன். சிவப்பு முகப்பும் கறுப்புக் கூடும் சேரும் விளிம்பைச் சுற்றி ஓர் இடம் விடாமல் பூசினேன். கூட்டின் முதுகில், சுண்டுவிரல் பருமனில், கீழ்நோக்கி வளைந்த ஒரு ரப்பர் முழங்கை செருகியிருந்தது. எதற்கென்று தெரியாத ஓட்டை தண்ணீருக்குத்தான் வழிவிடும் என்று முடிவுகட்டி, அதன் வாயிலும் சிலிக்கானைத் திணித்து அடைத்தேன். வேலை பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது.

நவம்பர் முழுவதும் தினமும் காலையில் முகப்பின் உட்புறம் பால் ஊற்றியதுபோல வெண்பனி பிடித்துக்கொண்டிருந்தது. முன்பு அதுகூட இருந்ததில்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது சென்னையிலும் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் சிரிஞ்சால் அளந்ததில் 110 மி.லி. தண்ணீர் வந்தது. கடைசி மில்லி லிட்டர்களில் பச்சையாகப் பாசியும் வந்தது.

விளக்கைத் தூக்கிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய உதிரிபாகக் கடை ஒன்றின் வாசலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அதை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி வாய் வழியா வருது. நீங்க மூக்கை அடைச்சு வச்சிருக்கீங்க சார்" என்றார். பிறகு அந்த ரப்பர் முழங்கையைத் தொட்டுக் காட்டி, "இது இல்லேன்னா லைட்டு மூச்சு முட்டும்" என்றார். நான் இருபது நிமிடம் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதை வீட்டில் உட்கார்ந்து கணக்காகப் போட்டுப் பார்த்தேன். என் விளக்கின் உள்ளே ஏறத்தாழ 2 லிட்டர் காற்று இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில், அதுவும் 21 வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது, அந்தக் காற்று 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் திடீரென்று மழை பெய்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், காற்றின் பருமன் எட்டில் ஒரு பங்கு சுருங்க வேண்டும். அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றை விளக்கு வெளியிலிருந்து உள்ளே இழுத்தாக வேண்டும். இழுப்பதற்கு மூச்சுக்குழல் திறந்திருந்தால் அதன் வழியே வெறும் காற்று வரும். அதை அடைத்துவிட்டால், விளக்கு தனக்குக் கிடைக்கும் அடுத்த சந்தின் வழியாக இழுக்கும். அந்தச் சந்தின்மேல் அப்போது மழைநீர் படர்ந்திருந்தால், காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரையே உறிஞ்சும். 70 மில்லி லிட்டர் 110 ஆனதற்கு மழையின் அளவைக் காட்டிலும் என் சிலிக்கான்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு, அது இன்னும் பயனுள்ளது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று, முழுவதும் ஈரமாக இருந்தாலும், சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 2 லிட்டர் காற்றுக்கு அது 0.06 கிராம் ஆகிறது; ஒரு சொட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ஆகவே குளிர்ந்த காலையில் முகப்பின் ஒரு மூலையில் மெல்லிய பனி படிந்து, வண்டி ஓடிய சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால், அது காற்றிலிருந்த ஈரம். விளக்கில் குறை ஏதும் இல்லை. துளிகள் உருண்டு வழிந்து அடியில் தேங்கினால் அது காற்று கொண்டுவந்த நீர் அன்று. என் விளக்கிலிருந்து எடுத்த 70 மி.லி., அந்தக் காற்று ஒரே சமயத்தில் சுமக்கக்கூடிய நீரைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். எங்கோ மழைநீர் நேராக உள்ளே போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படியென்றால் அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் எதையும் ஒட்டக்கூடாது. முதலில் நான் பூசிய சிலிக்கானை உரிக்க வேண்டியிருந்தது, அது அரை நாள் பிடித்தது. பிளேடு வைத்தால் முகப்பில் கோடு விழும் என்பதால், காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் சுரண்டினேன். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் தொடவில்லை. முகப்பு பார்வைக்குக் கண்ணாடிபோல இருந்தாலும் அது அக்ரிலிக். விளிம்பில் உற்றுப் பார்த்தால் 'பி.எம்.எம்.ஏ.' என்று அச்சிட்டிருக்கும். வளைந்தோ இறுகியோ நிற்கும் அக்ரிலிக்கின்மீது இத்தகைய திரவங்கள் பட்டால் மயிரிழைபோன்ற வெடிப்புகள் கூட்டமாகப் பூக்கும். சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

கசிவைக் கண்டுபிடிக்க நான் கையாண்ட முறையில் மீன்தொட்டிக் குழாய் ஒரு மீட்டர், பாத்திரம் தேய்க்கும் திரவம், சிறிய பெயிண்ட் பிரஷ் ஆகியவை தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. பல்பு ஹோல்டர்களை அவற்றின் ரப்பர் வளையங்களோடு முன்போலவே பூட்டினேன். அவற்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் அல்லவா. ரப்பர் முழங்கையைக் கழற்றிவிட்டு, அந்தக் குழலின்மேல் மீன்தொட்டிக் குழாயை இறுக்கமாகச் செருகினேன். விளிம்பு முழுவதும் சோப்பு நீரைப் பூசிவிட்டு, குழாயின் மறுமுனையை வாயில் வைத்து, பலூன் ஊதுவதில் பாதி விசையோடு ஊதினேன். பஞ்சர் கடையின் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கூட்டின் ஒட்டு பிளந்துவிடும்.

முதல் ஊதலிலேயே விடை கிடைத்தது. விளக்கின் மேல் வெளிமூலையில், முகப்பும் கூடும் சேரும் தையலில், நான்கு சென்டிமீட்டர் நீளத்திற்குக் கடுகளவுக் குமிழிகள் மணிமாலைபோல வரிசையாக எழுந்தன. அங்கே ஒரு விரிசல் இருப்பது காய்ந்த நிலையில் நகத்தால் தடவினால்கூடத் தெரியவில்லை. இரண்டாவதாக, இண்டிகேட்டர் ஹோல்டரின் அடியில் ஒரே ஒரு பெரிய குமிழி மெதுவாக வீங்கி வெடித்தது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து கல்போல இறுகியிருந்தது. நீர் தேங்கியது அடியில், வழி இருந்ததோ உச்சியில். கூரையில் விழும் மழை பின்தூணின் வழியே இறங்கி நேரே அந்த மூலைமீதுதான் ஓடுகிறது.

விரிசலுக்குக் காரணத்தையும் தேடினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பின்னால் வந்த ஆட்டோ இடித்து, பம்பர் டிங்கரிங் வேலை நடந்தது. அப்போது விளக்கைக் கழற்றி மாட்டியவர்கள், வெளிப்புற முளைகளில் மேல்முளைக்கான பிளாஸ்டிக் குமிழைத் திரும்பப் போடவில்லை. அந்த மூலை தளர்ந்து நிற்கவே, ஸ்க்ரூக்களை மிகையாக இறுக்கி விளக்கை உள்ளே இழுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெளுத்திருந்தது அதற்கு அடையாளம். அந்த முறுக்கத்தில் எதிர்மூலையின் தையல் பிளந்திருக்கிறது. பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு குமிழ்.

முகப்பைப் பிரித்தெடுத்து, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி ஒட்டலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஹெட்லைட்டை அடுப்பில் சுட்டுப் பிரிக்கும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். பல ஹெட்லைட்டுகளின் முகப்பு, சூட்டில் இளகும் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அங்கே அது சாத்தியமாகிறது. அந்த முகப்பும் பாலிகார்பனேட்டால் ஆனது, நல்ல சூடு தாங்கும். பின்விளக்கில் பெரும்பாலும் பசையே கிடையாது. அக்ரிலிக் முகப்பையும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்காலான கூட்டையும் சூடான தட்டில் வைத்து விளிம்பை உருக்கி ஒன்றோடொன்று அழுத்தியோ, அதிர்வால் உராய்த்தோ பற்றவைத்திருப்பார்கள். விளிம்பில் உருகி வழிந்த பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்புபோல நிற்பதைப் பார்த்தாலே தெரியும். இளகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இதை நம்பாமல் புதுப்பேட்டையில் 150 ரூபாய்க்கு ஓர் உடைந்த பின்விளக்கை வாங்கி வந்து, வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில் 110 டிகிரி வைத்துப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. முகப்பு மட்டும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல நெளிந்துவிட்டது. அடுப்பில் ஒரு வாரம் பிளாஸ்டிக் வாடை வீசியதற்கான கண்டனத்தையும் பெற்றுக்கொண்டேன்.

அந்த உடைந்த விளக்கு வேறு இரண்டு பாடங்களுக்கும் பயன்பட்டது. அதன் உட்புற வெள்ளிப் பூச்சை ஈரப் பஞ்சால் ஒரு முறை தடவியபோது பூச்சு பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வெறும் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் தெரிந்தது. அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், தடிமன் என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. ஆகவே உள்ளே துணியோ பிரஷோ விரலோ போகக்கூடாது. இரண்டாவதாக, ஒரு விரிசலில் ஃபெவிக்விக் விட்டுப் பார்த்தேன். மறுநாள் விரிசலைச் சுற்றி உட்புறமெங்கும் வெள்ளையாகப் புகை படிந்திருந்தது.

பாசியைக் கழுவ வேண்டியிருந்ததால் உள்ளே தண்ணீர் விடுவதைத் தவிர்க்க முடியவில்லை. எங்கள் பகுதியின் போர் தண்ணீர் காய்ந்தால் பக்கெட்டிலேயே வெள்ளை உப்புத் திட்டு நிற்கும்; அதை விளக்குக்குள் விட மனம் வரவில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர் வாங்கி, முதல் முறை அதில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, ஹோல்டர் துளை வழியே விட்டு, குழந்தைக்குப் பால் புட்டியைக் குலுக்குவதுபோல மெதுவாக ஆட்டி ஊற்றினேன். பிறகு வெறும் நீரில் மூன்று முறை. பாசி முழுவதும் போயிற்று. நீர் நின்ற மட்டத்தில் ஒரு மங்கிய கோடு மட்டும் போகவில்லை.

உலர்த்துவதில் நான் முன்பு செய்த பிழை, துளைகளை மேல்நோக்கி வைத்து வெயிலை நம்பியது. வெயில் உள்ளே இருக்கும் நீரை ஆவியாக்கும். ஆனால் அந்த ஆவி வெளியேறாமல், மாலையில் மீண்டும் துளியாகிவிடும். காற்று ஓட வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய 80 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பழைய 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, அட்டைப் பெட்டியால் ஒரு புனல் செய்து, ஒரு ஹோல்டர் துளையில் பொருத்தினேன். மற்றத் துளைகள் திறந்தே இருந்தன, எல்லாம் கீழ்நோக்கி. டிசம்பர் மாதத்தின் ஈரக் காற்றிலும் ஆறு மணி நேரத்தில் துளிகள் மறைந்தன. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரத்திலிருந்து இடையிடையே காட்டினேன். கடைசியாக 50 கிராம் சிலிக்கா ஜெல் பையுடன் விளக்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓர் இரவு மூடி வைத்தேன். அரிசியில் புதைத்து வைக்கச் சொன்னவர்களும் உண்டு. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கும். அரிசி அதற்கு அருகில்கூட வராது, தவிடும் தூசியும்தான் உள்ளே போகும்.

இனி ஒட்டும் வேலை. முதல் முறை நான் பூசிய சிலிக்கான், திறந்தவுடன் வினிகர்போலப் புளிப்பாக மணக்கும் வகை. அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். மூச்சுவிட வழியில்லாமல் மூடிய விளக்குக்குள் அந்த ஆவியும் ஈரமும் சேர்ந்து என்ன செய்தன என்பதைப் பித்தளைத் தொடுமுனைகளில் கண்டேன்: பிரேக் பல்பின் ஹோல்டர் முழுக்கக் களிம்பு பூத்துப் பச்சையாகியிருந்தது. இம்முறை வாடையில்லாத நியூட்ரல் வகையை வாங்கினேன். விலை ஏறத்தாழ இரு மடங்கு. விரிசலின் இருபுறமும் அரை சென்டிமீட்டர் அகலத்திற்கு 400 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, கழுவி, காய வைத்தேன்.

மேலே பூசினால் மட்டும் போதாது, பசை விரிசலுக்குள் இறங்க வேண்டும். அதற்கு விளக்கின் மூச்சையே பயன்படுத்திக்கொண்டேன். ஹோல்டர்களைப் பூட்டி, மீன்தொட்டிக் குழாயை மறுபடி செருகி, விரிசலின்மேல் சிலிக்கானை விரலால் அழுத்திப் பூசிக்கொண்டே குழாயை வாயில் வைத்து மிக மெதுவாக உறிஞ்சினேன், இளநீரின் கடைசி மடக்கை உறிஞ்சும் அளவுக்குத்தான். பூச்சின் மேற்பரப்பு விரிசல் நெடுகிலும் ஒரு மெல்லிய பள்ளமாக உள்வாங்கியது தெளிவாகத் தெரிந்தது. உடனே உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, பள்ளத்தை நிரப்பி, சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டேன். அதிகம் உறிஞ்சினால் பசை உள்ளே நூலாகத் தொங்கும், பிறகு அதை எடுக்கவே முடியாது. இந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம். இரண்டு முழு நாள்கள் அதைத் தொடவில்லை.

மூச்சுக்குழலின் ரப்பர் முழங்கைக்குள் முதலில் ஒரு பஞ்சுத்துண்டு இருந்திருக்கிறது. அது மண்ணடைத்து இறுகியிருந்தது, என் சிலிக்கான் அதன் கடைசி மூச்சையும் நிறுத்திவிட்டது. முழங்கையைக் கழுவி, மீன்தொட்டி வடிகட்டியிலிருந்து வெட்டிய கரடுமுரடான ஸ்பாஞ்சுத் துண்டை உள்ளே வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செருகினேன். புதிய வண்டிகள் பலவற்றில் குழலுக்குப் பதிலாக வட்டமான ஒரு வெள்ளை ஸ்டிக்கர்போல ஒன்று ஒட்டியிருக்கும். அது காற்றையும் நீராவியையும் விட்டு, நீர்த்துளியைத் தடுக்கும் சவ்வு. அதைக் குத்தவோ, கிரீஸ் பூசவோ, தேவையற்ற ஒட்டுத்தாள் என்று உரிக்கவோ கூடாது. அடியில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டுவிட்டால் தண்ணீர் தானே வடிந்துவிடும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பழுதை அப்படியே விட்டுவிட்டு வடிகால் அமைக்கும் வேலை அது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் அதே துளையில் வரும்.

இறுகிப்போன ஹோல்டர் வளையத்திற்கு மாற்று, அடுப்பில் நெளிந்த அந்த 150 ரூபாய் விளக்கிலேயே கிடைத்தது. அதற்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவினேன். வேசலினும் சாதாரண கிரீஸும் பல ரப்பர்களை ஊதிப் பெருக்கச் செய்யும்.

மின்பக்கம். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்ததற்குக் காரணம் எர்த், அதாவது பல்பிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பு. இந்த விளக்கில் எல்லாப் பல்புகளுக்கும் எர்த் ஒன்றே. அந்த முனை களிம்பேறிக் கெட்டதும், பிரேக் இழை வழியே வந்த மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகத் தலைகீழாகப் புகுந்து, முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த இழைகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்பதால் பிரேக், இண்டிகேட்டர் இரண்டுமே மங்கல். தீக்குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி எல்லாத் தொடுமுனைகளையும் மஞ்சள் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். இரட்டை இழை கொண்ட பி21/5டபிள்யூ பல்பையும் மாற்றினேன். பழையதன் அடியிலிருந்த ஈயக் குமிழ்கள் தேய்ந்து குழிந்திருந்தன.

மாட்டுவதற்கு முன் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தது நல்லதாயிற்று. ஸ்டெப்னிக் குழியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது. விளக்குக்கும் வண்டியின் தகட்டுக்கும் இடையிலுள்ள நுரைக் கேஸ்கெட் மடிந்து கிழிந்திருந்ததால், மழைநீர் அதன் வழியாகவும் இறங்கியிருக்கிறது. பல மாதங்களாக நாங்கள் ஏசியின்மேல் பழி போட்ட புழுங்கல் வாடை இங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் 10 மி.மீ. தடிமனுள்ள நுரை ரப்பர் டேப் வாங்கினேன். கடையில் இரண்டு வகை கொடுத்தார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. ஒரு துண்டு வெட்டித் தண்ணீர் பாட்டிலின் மூடியில் நனைத்துப் பிழிந்து பார்த்தேன். தண்ணீரைக் குடித்ததை வேண்டாம் என்று திருப்பிவிட்டு, குடிக்காததை வாங்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டார்.

விடுபட்ட பிளாஸ்டிக் குமிழையும் அங்கேயே வாங்கிப் பொருத்தினேன். விளக்கை நேராக அழுத்தியபோது இரண்டு முளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக 'டக், டக்' என்று உட்கார்ந்தன. ஸ்க்ரூக்களைக் கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவோடு, கால் சுற்று மட்டும் சேர்த்தேன்.

சோதனையைக் கொஞ்சம் கடுமையாகவே வைத்தேன். பார்க்கிங் விளக்கையும் இண்டிகேட்டரையும் இருபது நிமிடம் எரியவிட்டு விளக்கைச் சூடேற்றிவிட்டு, அணைத்த கையோடு தோட்டக் குழாயால் கூரையிலிருந்து வழியுமாறு பத்து நிமிடம் தண்ணீர் விட்டேன். பழைய குறை இருந்தால் அந்த உறிஞ்சலில் நீர் கட்டாயம் உள்ளே போயிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு துளியும் இல்லை. மறுநாள் காலையில் அடிமூலையில் உள்ளங்கை அகலத்திற்கு மெல்லிய பனி தெரிந்தது. அடையாறு பாலம் வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

2025 அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு அதே சிரிஞ்சுடன் விளக்கை மறுபடி கழற்றிப் பார்த்தேன். உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. சிலிக்கான் ஓரத்தில் சற்று மஞ்சளித்திருக்கிறது, பிடிப்பு தளரவில்லை. நீர் நின்ற மட்டக்கோடு உள்ளே இன்னும் இருக்கிறது. வண்டியை விற்கும்வரை அது இருக்கும். கையோடு, இதுவரை ஒரு துளி நீரும் புகாத இடப்பக்க விளக்கையும் கழற்றினேன். அதன் மூச்சுக்குழலின் வாயில் குளவி ஒன்று மண்கூடு கட்டி, பாதிக்கு மேல் அடைத்து வைத்திருந்தது.